பழைய காருக்கு எந்த பிரேக் ஆயில், எப்போது மாற்றுவது, எப்படி மாற்றுவது?

பழைய மாருதி 800 வைத்திருப்பவர்களிடம் பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் "லெவல் சரியாத்தானே இருக்கு, எதுக்கு மாத்தணும்?" என்பதுதான். எஞ்சின் ஆயிலைக் கிலோமீட்டர் கணக்குப் பார்த்து மாற்றுகிறவர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள். பதினைந்து வருடம் முடிந்து ஆர்சி புதுப்பிக்கப் போகும்போதோ, குடும்பத்தோடு ஏற்காடு, கொல்லிமலை என்று கிளம்பும்போதோதான் திடீரென்று ஞாபகம் வருகிறது. கடைக்குப் போனால் டாட் 3, டாட் 4, டாட் 5.1 என்று பாட்டில்கள். நம்பர் கூடினால் நல்லது என்கிறார் ஒருவர். பழைய வண்டிக்கு டாட் 3 தவிர எதையும் ஊற்றாதே என்கிறார் இன்னொருவர். ஓடுகிற வண்டியில் கை வைத்தால் மாஸ்டர் சிலிண்டர் போய்விடும், தொடவே தொடாதே என்று மூன்றாவதாக ஒருவர். மூன்று பேச்சிலும் கொஞ்சம் உண்மை கலந்திருப்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பழைய வண்டியில் பாட்டில் மேல் இருக்கும் எண்ணைவிட, உள்ளே கிடக்கும் ஆயிலின் வயது முக்கியம். அதை மாற்றக் கை வைப்பதற்கு முன்னால் ரப்பர், குழாய், நிப்பிள் (ஒவ்வொரு சக்கரத்திலும் ஆயிலை வெளியே விடத் திறக்கும் சின்னத் திருகு) எல்லாம் என்ன நிலையில் இருக்கின்றன என்று பார்ப்பது இன்னும் முக்கியம்.

## பெடலில் இருந்து சக்கரம் வரை

நீங்கள் பெடலை அமுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு பிஸ்டன் நகர்ந்து ஆயிலைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் இரும்புக் குழாய்கள் வழியாகவும், சக்கரத்துக்குப் பக்கத்தில் ரப்பர் ஹோஸ் வழியாகவும் போய், முன்னால் காலிப்பரில் இருக்கும் பிஸ்டனையும் பின்னால் டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டரையும் தள்ளுகிறது. காலிப்பர் பேடை டிஸ்க்கோடு இறுக்குகிறது, வீல் சிலிண்டர் ஷூவை டிரம்மோடு அழுத்துகிறது. அவ்வளவுதான்.

இது வேலை செய்வதற்கு ஒரே காரணம், திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது என்பது. காற்றையோ ஆவியையோ எளிதாகச் சுருக்கலாம். குழாயில் ஒரு குமிழி இருந்தாலும் உங்கள் கால் பலம் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும், சக்கரத்துக்குப் போகாது. பெடல் பஞ்சு மாதிரி இருக்கிறது என்று மெக்கானிக்கிடம் சொல்கிறோமே, அது இதுதான்.

மாருதி 800-இல் மாஸ்டர் சிலிண்டர் இரட்டை. ஒரு சர்க்யூட் (ஆயில் போகும் தனிப் பாதை) போனாலும் இன்னொன்று கொஞ்சம் பிடிக்கும். மோரிஸ் மைனர் மாதிரி இன்னும் பழைய வண்டிகளில் எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட்தான், எங்கே கசிந்தாலும் மொத்த பிரேக்கும் போச்சு. அந்த வண்டியில் மாஸ்டர் சிலிண்டரே டிரைவர் காலடியில், தரைவிரிப்புக்குக் கீழே ஒளிந்திருக்கும். கண்ணில் படாத இடம் என்பதால் பல வருடம் யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் இந்த விஷயத்தில் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

## மூடியே இருந்தாலும் ஆயில் ஏன் கெடுகிறது

பிரேக் ஆயில் என்று வழக்கத்தில் சொன்னாலும் இதில் எண்ணெய் கிடையாது. டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றுமே கிளைக்கால் வகை ரசாயனங்களால் ஆனவை. கிளைக்காலின் குணம், காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வது. பிரேக் ஆயில் ஊற்றி வைக்கும் சின்ன டேங்கின் மூடியில் காற்று போக ஒரு சின்ன வழி உண்டு, ரப்பர் ஹோஸ் வழியாகவும் ஈரம் மெதுவாக உள்ளே ஊடுருவும். வண்டி ஓடினாலும் சரி, ஷெட்டில் நின்றாலும் சரி, இது நடந்துகொண்டே இருக்கும். அதனால் கிலோமீட்டர் கணக்கு இதற்குப் பொருந்தாது, வருடக் கணக்குத்தான். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் அதிகம், அங்கே இன்னும் சீக்கிரம்.

ஈரத்தை உறிஞ்சுவது ஒரு வகையில் நல்லதும்கூட. உறிஞ்சாவிட்டால் தண்ணீர் தனியாகத் திரண்டு பள்ளமான இடத்தில், அதாவது காலிப்பரிலும் வீல் சிலிண்டரிலும் தேங்கிவிடும். கிளைக்கால் அதைத் தன்னோடு கலந்து பரப்பி வைத்துக்கொள்கிறது. ஆனால் அதற்கு விலையாகக் கொதிநிலை இறங்குகிறது.

## பாட்டில் மேல் இருக்கும் எண்கள்

டாட் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் சுருக்கப் பெயர். அந்த நாட்டின் எஃப்எம்விஎஸ்எஸ் 116 என்ற விதிதான் இந்த எண்களை வரையறுக்கிறது. நம் ஊர்ப் பாட்டில்களில் இதோடு ஐஎஸ் 8654 என்ற இந்தியத் தர எண்ணும் இருக்கும். ஒவ்வொரு வகைக்கும் இரண்டு கொதிநிலை சொல்லப்படுகிறது. ஒன்று, புது ஆயிலுடையது. மற்றொன்று, 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த பிறகு இருக்க வேண்டியது. இவை குறைந்தபட்ச அளவுகள்.

1. டாட் 3: புதிதாக 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியபின் 140.
2. டாட் 4: புதிதாக 230, ஈரம் ஏறியபின் 155.
3. டாட் 5.1: புதிதாக 260, ஈரம் ஏறியபின் 180.
4. டாட் 5: எண்கள் 5.1-க்கு உள்ளவையேதான், ஆனால் இது சிலிக்கோன். மற்ற மூன்றோடும் சேரவே சேராது.

இந்தப் பட்டியலை நிதானமாகப் பாருங்கள். புது டாட் 3 கொதிப்பது 205 டிகிரியில். ஈரம் ஏறிய டாட் 4 கொதிப்பது 155-இல். அதாவது நான்கைந்து வருடமாக மாற்றாத 'நல்ல' ஆயிலைவிட, நேற்று ஊற்றிய சாதாரண ஆயில் 50 டிகிரி வரை அதிகம் தாங்கும். எந்த பிராண்ட், எந்த எண் என்று கடையில் அரை மணி நேரம் விவாதிக்கிறவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் போதும்.

## மலை இறக்கத்தில் என்ன நடக்கிறது

ஊருக்குள் ஓட்டும்போது ஆயில் 140 டிகிரியைத் தொடுவது அபூர்வம். அதனால்தான் பழைய ஆயிலோடு வருடக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் ஓட்டிவிடுகிறோம். சோதனை வருவது மலையில்.

கொல்லிமலையில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி காரவள்ளிக்கு வருகிறீர்கள் என்று வையுங்கள். நாலு பேரும் சாமானும் சேர்த்து வண்டி எடை 900 கிலோ, இறங்கும் உயரம் 1000 மீட்டர் என்று எடுத்துக்கொண்டால், வெளியேற்ற வேண்டிய ஆற்றல் சுமார் 88 லட்சம் ஜூல். 30 டிகிரியில் இருக்கும் 30 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு. காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். குறைந்த கியரில் இறங்கினால் எஞ்சின் ஒரு பெரிய பங்கை எடுத்துக்கொள்ளும். நியூட்ரலில் போட்டு, பெட்ரோல் மிச்சம் என்று பிரேக்கிலேயே கால் வைத்து வந்தால் மிச்சமெல்லாம் டிஸ்க்குக்கும் டிரம்முக்கும்தான். சின்னக் காரின் சின்ன டிஸ்க் அது, சூடு பேட் வழியாகப் பிஸ்டனுக்கும் அங்கிருந்து ஆயிலுக்கும் ஏறும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: ஆயில் கொதிப்பது பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும்போது இல்லை, நிறுத்திய பிறகு. ஓடும்போது காற்று பட்டு டிஸ்க் ஓரளவு ஆறும். டீ குடிக்க நிறுத்தினால் காற்று நின்றுவிடும், டிஸ்க்கில் இருந்த சூடு முழுக்கக் காலிப்பருக்குள் இறங்கும். பத்து நிமிடம் கழித்து வண்டியை எடுத்து முதல் வளைவில் பெடலை அமுக்கினால் தரை வரை போகும். அதுவரை நன்றாகப் பிடித்த பிரேக் எப்படிக் காணாமல் போனது என்று யாருக்கும் புரியாது.

இங்கே இரண்டு கோளாறுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பெடல் கல் மாதிரி இறுக்கமாக இருந்தும் வண்டி நிற்கவில்லை, கருகிய வாடை அடிக்கிறது என்றால், பேடும், ஷூ மேல் ஒட்டியிருக்கும் லைனிங்கும் சூடாகிப் பிடிப்பை இழந்துவிட்டன, ஆயில் நல்லதுதான். பெடல் தொளதொளவென்று கீழே போனால் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி வந்துவிட்டது. இரண்டாவது நிலையில் பெடலை வேகமாகப் பலமுறை பம்ப் செய்தால் கொஞ்சம் அழுத்தம் கிடைக்கும், கூடவே கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். ஹேண்ட்பிரேக் கேபிளில் வேலை செய்வது, அதற்கும் ஆயிலுக்கும் சம்பந்தமில்லை. அதனால்தான் பழைய வண்டியில் ஹேண்ட்பிரேக் கேபிளைச் சரியாக வைத்திருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது.

நிறுத்தி ஆறவைத்த பிறகு பெடல் பழையபடி சரியாகிவிடும். "சரியாயிடுச்சே" என்று விட்டுவிடாதீர்கள். ஒருமுறை கொதித்த ஆயிலை மாற்றியே ஆக வேண்டும்.

## மலைக்கே போகாத வண்டிக்கு

சரி, நான் ஊருக்குள்தான் ஓட்டுகிறேன், எனக்கு எதற்கு என்றால், அடுத்த காரணம் துரு. புது ஆயிலில் துருவைத் தடுக்கும் மருந்து கலந்திருக்கும். வருடங்கள் போகப் போக அது தீர்ந்துவிடும், தண்ணீர் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். வீல் சிலிண்டர் உள்சுவரில் சின்னச் சின்னக் குழி விழும். அந்தக் குழியில் ரப்பர் வாஷர் உரசி உரசிக் கிழியும். கடைசியில் பின் சக்கரத்தில் ஆயில் கசிந்து லைனிங் நனைந்து, ஒரு பக்கம் பிடிக்காமல் வண்டி இழுக்கும்.

பழைய வண்டியில் பிரேக் வேலைக்கு ஆகும் பெரும் செலவு இந்த வழியில்தான் வருகிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றும் ஆயில், அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

நிறத்தைப் பார்த்து முடிவு செய்யலாமா? கறுத்துப்போயிருந்தால் மாற்ற வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வெளிறித் தெளிவாக இருப்பதால் நல்லது என்று சொல்ல முடியாது, தண்ணீருக்கு நிறம் கிடையாது. பேனா மாதிரி விற்கும் மீட்டர்கள் மின்கடத்தலை வைத்து உத்தேசமாக விளக்குக் காட்டும். கொதிநிலையையே அளந்து காட்டும் கருவி இருக்கும் ஒர்க் ஷாப் கிடைத்தால் அதை நம்பலாம். இல்லாவிட்டால் கடைசியாக மாற்றிய தேதி மட்டுமே போதும், இரண்டு வருடம் ஆகிவிட்டால் மாற்றுங்கள். எப்போது மாற்றியது என்று தெரியாத வண்டியை வாங்கினீர்களா, முதல் வேலையாக மாற்றிவிடுங்கள்.

## அப்போ எதை வாங்குவது?

முதலில் டேங்க் மூடியைப் பாருங்கள். அதில் எழுதியிருப்பதுதான் அடிப்படை. மாருதி 800 காலத்து வண்டிகளில் பெரும்பாலும் டாட் 3 என்று இருக்கும். அந்த வண்டியில் டாட் 4 ஊற்றலாமா என்றால் தாராளமாக ஊற்றலாம். இரண்டும் கிளைக்கால்தான், ஒன்றோடொன்று சேரும், ரப்பருக்கும் ஒத்துப்போகும். மலைப்பக்கம் அடிக்கடி போகிறவர்களுக்கு நான் டாட் 4-ஐத்தான் சொல்வேன். ஆனால் டாட் 4 ஊற்றிவிட்டோம், இனி ஐந்து வருடம் கவலை இல்லை என்று நினைக்கக் கூடாது, அதுவும் ஈரத்தை உறிஞ்சும், அதற்கும் இரண்டு வருடம்தான். மூடியில் டாட் 4 என்று போட்டிருந்தால் டாட் 3-க்கு இறங்காதீர்கள்.

டாட் 5.1 ஊற்றினாலும் கெடுதல் இல்லை, ஆனால் பழைய சின்னக் காருக்கு அந்தக் காசு தேவையில்லை.

டாட் 5 வேண்டாம். 5-க்கும் 5.1-க்கும் பெயரில் ஒரு புள்ளிதான் வித்தியாசம், உள்ளே இருப்பது வேறு சரக்கு. சிலிக்கோன் ஊதா நிறத்தில் இருக்கும், பெயின்ட்டை அரிக்காது, ஈரத்தை உறிஞ்சாது, அதனால் வருடக்கணக்கில் ஓடாமல் நிற்கும் கண்காட்சி வண்டிகளுக்கு வெளிநாடுகளில் விரும்பிப் போடுகிறார்கள். ஆனால் உள்ளே வரும் தண்ணீர் அதில் கரையாமல் தனியாகத் தேங்கும், குமிழிகள் எளிதில் பிரியாது, பழைய ஆயில் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் கலக்காது. எல்லா ரப்பரையும் மாற்றி, குழாயைக் கழுவி, முதலில் இருந்து தொடங்கினால் ஒழிய அந்தப் பக்கம் போகத் தேவையில்லை.

வாங்கும்போது இரண்டு விஷயம். சீல் உடையாத பாட்டிலாக இருக்கட்டும். பெரிய கேன் வாங்கி வைத்து வருடம் முழுக்கத் திறந்து திறந்து ஊற்றும் இடத்தில் ஆயில் வாங்கவே வாங்காதீர்கள், திறந்த கேனும் ஈரத்தை உறிஞ்சும். அரை லிட்டர் பாட்டில் இரண்டு இருந்தால் சின்னக் காருக்கு நிம்மதியாக வேலையை முடிக்கலாம்.

அப்புறம், எஞ்சின் ஆயில், ஸ்டீயரிங் ஆயில், கிரீஸ், டீசல் எதுவும் பிரேக் டேங்க் பக்கமே போகக் கூடாது. பிரேக் ரப்பர் கிளைக்காலுக்காகச் செய்யப்பட்டது. பெட்ரோலியம் பட்டால் உப்பிவிடும், பிரேக் இறுகிக்கொள்ளும், கடைசியில் மாஸ்டர் சிலிண்டரில் இருந்து ஹோஸ் வரை எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டி வரும். பிரித்த வீல் சிலிண்டரைப் பெட்ரோலிலும் டீசலிலும் கழுவி மாட்டும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்தால் அங்கேயே தடுத்துவிடுங்கள், புது பிரேக் ஆயிலில் கழுவச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் டேங்கில் இருந்து சில சொட்டு எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். பிரேக் ஆயில் கரைந்துவிடும். எண்ணெய் கலந்திருந்தால் மேலே மிதக்கும்.

## கை வைக்கும் முன்னால்

மூன்று வேலைகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். டேங்கில் குறைந்ததை ஊற்றி நிரப்புவது டாப் அப். குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்றுவது பிளீடிங். பழைய ஆயில் மொத்தத்தையும் தள்ளிவிட்டுப் புதியதை நிரப்புவது ஃபிளஷ். டேங்கில் இருப்பதை மட்டும் உறிஞ்சிவிட்டுப் புதிதாக ஊற்றி "மாத்தியாச்சு சார்" என்று சொன்னால் அது ஃபிளஷ் ஆகாது. சூடு ஏறுவது காலிப்பரில், பழைய ஆயில் அங்கேயேதான் இருக்கிறது.

பழைய வண்டியில் ஃபிளஷ் செய்யும் முன் இவற்றைப் பாருங்கள்:

1. பிளீடர் நிப்பிள். பல வருடம் திறக்காதது துருப்பிடித்து ஒட்டியிருக்கும். நேராக ஸ்பேனர் போட்டுத் திருகினால் ஒடியும், பிறகு சிலிண்டரையே மாற்ற வேண்டும். முந்தின நாளே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிட்டு, ஆறு மூலையும் பிடிக்கும் ரிங் அல்லது சாக்கெட்டால் மெதுவாகத் திறக்கச் சொல்லுங்கள். முதலில் இறுக்கும் பக்கமாக மயிரிழை அசைத்துவிட்டுத் திறந்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

2. ரப்பர் ஹோஸ். மடக்கிப் பார்த்தால் வெடிப்புத் தெரிகிறதா? வெளியே நன்றாக இருந்தும் உள்பக்கம் உப்பி அடைத்துக்கொள்வதும் உண்டு. பெடலை விட்ட பிறகும் ஒரு சக்கரம் மட்டும் இறுகியிருந்து, நிப்பிளைத் திறந்ததும் விடுபட்டால் முதல் சந்தேகம் ஹோஸ் மேல்தான்.

3. பின் டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். வீல் சிலிண்டர் தூசிமூடியை நெம்பினால் உள்ளே ஈரம் இருக்கிறதா? இருந்தால் ஃபிளஷ் அப்புறம், முதலில் அது. குழி விழுந்த சிலிண்டருக்கு ரப்பர் கிட் மட்டும் போடுவது வீண் செலவு, கொஞ்ச நாளில் திரும்பக் கசியும். முழு சிலிண்டராக மாற்றுங்கள்.

4. பெடலை ஒரே அழுத்தத்தில் ஒரு நிமிடம் பிடித்திருங்கள். வெளியே எங்கும் கசிவில்லாமல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் வாஷர் போய்விட்டது. எத்தனை ஆயில் மாற்றினாலும் அது சரியாகாது.

பெடல் தாழ்வாகப் பிடிப்பதற்கெல்லாம் காற்றுதான் காரணம் என்று நினைத்து லிட்டர் கணக்கில் ஆயிலைக் கொட்டுகிறார்கள். பின் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருந்தாலும் அப்படித்தான் இருக்கும். அட்ஜஸ்ட் செய்தால் தீர்ந்தது.

## ஃபிளஷ் செய்யும் முறை

"கை வைத்தால் மாஸ்டர் சிலிண்டர் போய்விடும்" என்ற பேச்சுக்கு வருவோம். அது பொய்யில்லை, ஆனால் அதற்குக் காரணம் ஆயில் அல்ல. தினசரி ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் கொஞ்ச தூரம்தான் நகரும். அதற்கு அப்பால் இருக்கும் பகுதியில் பல வருடத் துருவும் கசடும் படிந்திருக்கும். பிளீடிங்கின்போது உதவியாள் பெடலைத் தரை வரை மிதித்தால், வாஷர் அந்தச் சொரசொரப்பில் ஏறிக் கிழியும். தடுப்பது எளிது: பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வையுங்கள், முழுதாகப் போகாது. அல்லது பெடலைத் தொடாமலே செய்யுங்கள்: நிப்பிளைத் திறந்து, டேங்கில் புது ஆயில் வைத்து, தானாகச் சொட்டவிடுவது. நேரம் பிடிக்கும், ஆனால் பழைய வண்டிக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை.

1. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, தூக்கினால் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது.

2. சிரிஞ்சால் டேங்கில் இருக்கும் பழைய ஆயிலை உறிஞ்சி, அடியில் இருக்கும் கசடைப் பஞ்சு உதிராத துணியால் துடைத்து, புதியதை நிரப்புங்கள்.

3. மாஸ்டர் சிலிண்டரில் இருந்து தூரமான சக்கரத்தில் தொடங்குவது பொதுவான வழக்கம். நம் வலதுபக்க ஸ்டீயரிங் வண்டிகளில் அது இடது பின்சக்கரம். சில வண்டிகளில் சர்க்யூட் குறுக்காகப் பிரிந்திருக்கும், அவற்றுக்கு வரிசை மாறும், மேனுவல் இருந்தால் அதன்படி செய்யுங்கள்.

4. நிப்பிளில் உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் டியூப் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்கவிடுங்கள். உதவியாள் மெதுவாக அமுக்கிப் பிடிக்க, நிப்பிளைத் திறந்து, பெடல் கட்டையில் தட்டியதும் மூடி, அதன் பிறகே "விடு" என்று சொல்லுங்கள். மூடும் முன் காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும்.

5. சில முறைக்கு ஒரு தடவை டேங்கைப் பாருங்கள். அது காலியானால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே காற்று ஏறும், பிறகு முதலில் இருந்து தொடங்க வேண்டியதுதான்.

6. டியூபில் புது நிறம், குமிழி இல்லாமல் வந்ததும் அடுத்த சக்கரம். நிப்பிளை அளவாக இறுக்குங்கள், பலத்தைக் காட்ட வேண்டாம்.

பெயின்ட்டில் ஒரு சொட்டு பட்டாலும் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், விட்டால் பெயின்ட் உரிந்து வரும். வெளியே வந்த ஆயில் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் திரும்ப ஊற்றக் கூடாது. அதைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல் தனிப் பாட்டிலில் மூடி, கழிவு ஆயில் எடுக்கும் ஒர்க் ஷாப்பில், பழைய எஞ்சின் ஆயிலோடு கலக்காமல் கொடுங்கள். குழந்தைகள் கையில் படக் கூடாத விஷம் அது.

## முடித்த பிறகு

எஞ்சினை ஓடவிட்டு, பெடல் உயரமாகவும் இறுக்கமாகவும் நிற்கிறதா என்று நின்ற இடத்திலேயே பாருங்கள். பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத தெருவில் மெதுவாக ஓட்டி, நாலைந்து முறை நிறுத்திப் பாருங்கள். நிறுத்தும்போது ஒரு பக்கம் இழுத்தால் அன்றைக்கே திரும்ப நிப்பிளைத் திறந்து பார்க்க வேண்டும்.

மாற்றிய தேதியையும் ஆயில் வகையையும் டேங்க் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்கள். அடுத்த மெக்கானிக் எதை ஊற்றுவது என்று யோசிக்க வேண்டியதில்லை.

அதன் பிறகு முதல் ஒரு வாரம் தினமும் காலையில் டேங்க் லெவலைப் பாருங்கள். பேட் தேயத் தேய லெவல் இறங்குவது பல மாதத்தில் நடக்கும் விஷயம். ஒரு வாரத்திலேயே கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினால் எங்கோ கசிகிறது. நாலு நிப்பிளையும், பின் டிரம்மின் உள்பக்கத்தையும், பெடலின் மேல்முனையில் மாஸ்டர் சிலிண்டர் சேரும் இடத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் டாப் அப் செய்து ஓட்டாதீர்கள், வண்டியை நிறுத்திவிட்டு மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.